வராத தும்மல்

கீழக்கரையில் சங்கு குளிப்பவர் என் கணவர். தும்மலும் மூக்கொழுகும் நீர்க்கோவையும் அவருக்குப் பழக்கம். தும்மும்போதெல்லாம் இறைவனைப் புகழ்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்.

அன்று மதியம் சோற்றில் கை வைத்தவர் அப்படியே சரிந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. நீர்க்கோவைதான் என்று நினைத்து, "நொச்சி ஆவி பிடிங்க மச்சான், நாளைக்குக் கடலுக்குப் போயிரலாம்" என்றேன். விடிந்தபோது மூச்சு இரைத்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"தும்மினாரா? மூக்கு ஒழுகுச்சா?" என்றார் டாக்டர்.

யோசித்தேன். வீட்டில் ஒரு அல்ஹம்துலில்லாஹ்கூடக் கேட்கவில்லை. "இல்லைங்க" என்றேன்.

"சாதாரணச் சளி மெதுவா வரும். இப்படி ஒரேயடியா ஆளைச் சாய்க்காது. இது ஃப்ளூ சுரம். இந்தச் சுரத்தோட கடல்ல முங்கியிருந்தா ஆளு மேல வந்திருக்க மாட்டாரு."

டாக்டர் தந்த மருந்தை வேளை தவறாமல் அவருக்குக் கொடுத்தேன். பத்து நாளில் எழுந்தார்.

இப்போது அவர் படுத்தால் நொச்சி பறிக்க ஓடுவதில்லை. தும்மல் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர் தும்மினால், அவருக்கு முன்னால் நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிடுகிறேன்.