கெட்டி ஆயிலும் தண்ணி ஆயிலும்

அந்த டாக்ஸியை ஓட்டியவர்கள் இரண்டு பேர். பகலில் அண்ணன், இரவில் தம்பி. அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். காரை அப்படிப் பிரிக்க முடியாதே, பொழுதைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பமும் அந்த ஒரு வண்டியை நம்பித்தான் சாப்பிட்டது.

அண்ணனுக்கு எங்கள் தெருவில் ‘கெட்டி’ என்று பெயர். எந்த வண்டி உறுமினாலும், “கெட்டி ஆயிலா ஊத்து, சத்தம் அடங்கிடும்” என்பார். ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவர், டாக்டரின் காரைப் பற்றிப் பேசிவிட்டுக் காய்ச்சலைச் சொல்லாமலே திரும்பி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தம்பியோ அதற்கும் மேலே. அவன் பிடித்த முயலுக்குக் காலே கிடையாது.

சண்டை வந்தது வண்டி பழுது பார்க்கும் என் பட்டறையில். ஆயில் மாற்ற இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள்.

“பழைய எஞ்சின். கெட்டி ஆயில் போட்டு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்” என்றார் கெட்டி.

“வண்டியோட வந்த புத்தகத்துல தண்ணியா இருக்கற ஆயில்தான் போடச் சொல்லியிருக்கு. பத்தாயிரம் வரைக்கும் தாங்கும்” என்றான் தம்பி.

“புத்தகம் எழுதினவனா வந்து ஓட்டறான்?”

“நீ ஓட்டற லட்சணத்துக்குத்தான் ரெண்டு தடவை கிளட்ச் போச்சு.”

எதையாவது ஊற்றுங்கள், நேரத்துக்கு மாற்றுங்கள், அதுதான் முக்கியம் என்று நடுவில் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆயிலில் ஆரம்பித்தது, அப்பாவின் கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருந்தது என்பதில் போய் நின்றது. சொல்லக்கூடாத வார்த்தைகளை இருவரும் சொன்னார்கள். அதோடு பேச்சு நின்றது. காலையிலும் மாலையிலும் சாவி வாசல் கேட்டில் தொங்கும், எடுத்துக்கொண்டு போவார்கள். என் எதிரில் அப்படிக் கத்திக்கொண்டதால் என் முகத்தில் விழிக்கவும் இருவருக்கும் கூச்சம். பட்டறைப் பக்கமே வரவில்லை. வேறு எங்கோ ஆயில் மாற்றுகிறார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் அந்த வண்டியை இருவரும் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. சுற்றவே இல்லை. அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றினேன். ஆயில் சொட்டவில்லை. கன்னங்கரேலென்று சேறு மாதிரி அப்பிக்கிடந்தது.

“கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க?”

கெட்டி தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைப் பார்த்தான்.

“இவன் மாத்தியிருப்பான்னு நெனச்சேன். அளவுக் கம்பியை எடுத்துப் பாக்கறப்பல்லாம் ஆயில் நிறைய இருந்துச்சே” என்றார் கெட்டி.

“நீ மாத்தறேன்னுதான் நானும் இருந்தேன்” என்றான் தம்பி.

எப்படி நிறைய இருந்தது என்பது விசாரித்த பிறகுதான் விளங்கியது. கொஞ்சம் குறைந்தால் அண்ணன் கெட்டி ஆயிலை ஊற்றுவார். கொஞ்சம் குறைந்தால் தம்பி தண்ணி ஆயிலை ஊற்றுவான். டீசல் வண்டியில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும், நிறத்தைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை. பழைய ஆயிலை மட்டும் யாருமே வடிக்கவில்லை. முகம் பார்க்காத இருவரும் ஒருவரையொருவர் முழுசாக நம்பியிருக்கிறார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா?

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா” என்றான் தம்பி.

“நீ கேட்டிருக்கலாம்” என்றார் கெட்டி.

அவர்கள் மறுபடி பேசியது அவ்வளவுதான். வேறு எஞ்சின் போட வழியில்லை. வண்டி பழைய இரும்புக்குப் போனது. தம்பி தன் பங்கு வீட்டை வாடகைக்கு விட்டு, வெளியூரில் ஒரு கம்பெனி லாரி ஓட்டப் போய்விட்டான். கெட்டி ஒரு கிடங்கில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கையும் காலும் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

போன வாரம் பட்டறைக்கு வந்தார்.

“அவன் ஓட்டற லாரிக்கு ஆயிலெல்லாம் யாரு பாக்கறாங்க?” என்றார்.

“கம்பெனியில ஆள் இருப்பாங்கண்ணே.”

“ஆள் இருப்பாங்கன்னுதான் எல்லாரும் நெனப்பாங்க. மலைப்பாதையில லோடு ஏத்திட்டுப் போறவன். நடுவழியில எஞ்சின் நின்னா என்ன ஆகும்? நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லேன்.”

போனை எடுத்து, அவன் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும்போதே அவர் கையில் நீட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். போனில் தம்பி, “யாரு, யாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தான். கெட்டி பட்டறை கேட் வரை போய்விட்டார்.