இசைத்தட்டின் மற்றப் பக்கம்

ஓர்ஸ் ஹில்லில் இருந்து இறங்கி, இரவோடிரவாகக் கிண்ணியாப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் முதலாளியிடம் பார்த்த வேலையை அப்போதுதான் உதறியிருந்தேன்.

அன்று பின்னேரம் ஒரு பறங்கி வீட்டுக் கலியாணத்தில் பாட்டுப் போடப் போயிருந்தோம். கதிரையில் இருந்தபடியே பெண்ணின் தகப்பன் ஓர் இசைத்தட்டை நீட்டினார். "தம்பி, நானும் மகளும் ஆடேக்க இதின்ர மற்றப் பக்கத்தைப் போடுங்கோ."

குதித்தாடிப் பேரெடுத்த வெள்ளைக்காரப் பாடகனின் தட்டு அது. முன்பக்கத்துக்கு ஊரே ஆடும். மற்றப் பக்கத்தில் அதே ஆள் காதலியை நினைத்தோ என்னவோ மெல்ல அழுதுகொண்டிருப்பான், ஒருவரும் கேட்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம் விளங்காது. ஆனாலும் கிழவருக்கு ரசனை இல்லை என்று தீர்மானித்து, முன்பக்கத்தையே போட்டேன்.

அவர் எழும்பியபோதுதான் கண்டேன், அவருக்கு ஒரு கால் மடங்காது. மகளின் கையைப் பிடித்து இரண்டடி வைத்துத் தடுமாறினார். இளைஞர்கள் நடுவே பாய்ந்து ஆடத் தொடங்க, அவர் திரும்பிப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் ஓடிப்போய், "ஐயா, மாத்திப் போடுறன்" என்றேன்.

"இனி வேண்டாம் தம்பி. பெடியள் ஆடட்டும்."

முதலாளி சிரித்தான். "சனம் ஆடினதுதானே. நொண்டிக்கு என்னடா டான்ஸ்?"

அவன் முகத்தில் துப்பலாம் போலிருந்தது. ஆனால் அவன் வாயால் சொன்னதைத்தான் நான் கையால் செய்திருந்தேன்.

மறுநாள் காலை, கிண்ணியாவில் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவையில் கம்பி இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அதில் என் ரசனைக்கு இடமில்லை.