கால் மணித்தியாலத் தூரம்

அந்த முகக்கவசம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. நோய்த்தொற்றுக் காலம் முடிந்து, முகக்கவசத்தை எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். தம்பியைக் கொழும்புக்கு ஏற்றிவிட யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்குப் போயிருந்தேன். காலை ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தில் முக்கால்வாசியை மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எங்கள் கந்தோரின் தலைமை எழுதுவினைஞர், 'சீஃப் கிளார்க்' என்பதைச் சுருக்கி நாங்கள் சி.சி. அக்கா என்று கூப்பிடுகிறவர். உடுவிலில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று முதல்நாள்தான் விடுமுறைப் படிவம் தந்திருந்தார். கந்தோரில் அந்தப் படிவங்களைப் பதிவது என் வேலை.

என்னைக் கண்டதும் விறுவிறென்று வந்து கையைப் பிடித்தார். "பிள்ளை, நீர் என்னைக் காணேல்லை, சரியோ?" என்றார். நான் ஓம் என்றேன். எதற்கு ஓம் என்றேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாண நகரத்துக்கு அவரைப் போல வக்காலத்து வாங்கியவரை நான் கண்டதில்லை. கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார். "அங்கை போய் என்ன செய்யப் போறீர்? பஸ்ஸிலை ரெண்டு மணித்தியாலம் தொங்கவோ? இஞ்சை எட்டேகாலுக்கு வெளிக்கிட்டா எட்டரைக்குக் கந்தோர். மத்தியானம் மீன் வாங்கலாம், பின்னேரம் டொக்டரிட்டைப் பல்லுக் காட்டலாம். செத்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் வந்து நிப்பான்." அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனால் பின்னேரம் பல்லுக் காட்டினால் மறுநாள் மீன் விற்கிறவர், "எந்தப் பல்லு?" என்று கேட்பார். வேண்டியது எல்லாம் கிடைக்கிற அளவுக்கு இது பெரிய இடம். எங்கே போனாலும் தெரிந்த முகம் எதிரே வருகிற அளவுக்குச் சின்ன இடம். சில நாள் அது சுகமாக இருக்கும், சில நாள் மூச்சு முட்டும். கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்குக்கூட இங்கே காரணம் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் கோப்பு அறையில் வைத்துச் சொன்னார். மார்பில் கட்டி. பரிசோதித்து, புற்றுநோய்தான் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். அவருடைய வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம் போனால் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதைச் சொன்னேன். "அந்தச் சந்தியிலை இறங்கினாலே காணும் பிள்ளை, என்ன வருத்தமெண்டு கண்டக்டருக்கே விளங்கிடும்" என்றார். கணவர் இல்லாதவர். ஒரே மகளுக்குக் கோப்பாயில், எங்கள் வீதியிலேயே, ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். "கலியாணம் முடியட்டும். பிறகு இஞ்சையே காட்டுறன்" என்றார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், தவறவே கூடாது என்றார் கொழும்பு வைத்தியர். இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், ஊரிலேயே ஏற்றுங்கள் என்று கடிதமும் கொடுத்தார். சி.சி. அக்கா அந்தக் கடிதத்தைக் கந்தோர் மேசை லாச்சிக்குள், பழைய கோப்புகளுக்கு அடியில் வைத்தார். இரண்டு தடவை கொழும்புக்குப் போய் ஏற்றினார். மூன்றாம் தடவை ரயிலில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்து, வவுனியாவில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். முடி கொட்டியதற்குத் தைரொயிட் என்று கந்தோரில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நம்பிவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அதன் பிறகு அவரிடமிருந்து விடுமுறைப் படிவமே வரவில்லை. மருந்து ஏற்றவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். "அக்கா, கடிதத்தை எடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். "நாலு மாதம்தானே பிள்ளை, தாங்குவன்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் திரும்ப ஒருமுறை நான் கேட்கவில்லை. இப்போது அந்த மேசையில் நான் இருக்கிறேன். அந்த லாச்சியைத் திறக்க இன்னும் மனம் வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தார்.

"உங்கடை சி.சி. சுகமாய் இருக்கிறாவோ?"

"ஓம் அன்ரி, நல்ல சுகம்."

"வருத்தம் துன்பம் ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டுமில்லை."

திறந்த படலையைத் திரும்பச் சாத்தினார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நன்றாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

கலியாணத்துக்கு ஐந்து வாரம் இருக்க சி.சி. அக்கா போய்விட்டார். அவர் சொன்னது போலவே பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் வந்து நின்றார். காலை எட்டு மணிக்குள் பந்தல், கதிரை, தேநீர் எல்லாம் வந்துவிட்டன. யார் ஏற்பாடு செய்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விடியவே வந்து சொந்தக்காரர் போல வேலை செய்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னை மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் அண்டைக்கு விசாரிக்க வரேல்லைப் பிள்ளை. எங்களுக்கு முதலே தெரியும். ரயிலிலை கண்ட ஆக்கள் சொன்னவை. பெடியனுக்கும் தெரியும், அவனுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. என்ரை தங்கச்சி இஞ்சத்தைக் கான்சர் ஆஸ்பத்திரியிலைதானே வேலை, சி.சி.யைக் கூட்டிக்கொண்டு போய் அங்கை காட்டுவமோ எண்டு கேக்கத்தான் வந்தனான். நீர் ஒண்டுமில்லை எண்டீர். சொல்ல விருப்பமில்லை போலை, நோகப் பண்ணக் கூடாதெண்டு விட்டிட்டன்."

திரும்பி வந்து, வருகிறவர்களை உள்ளே கூப்பிட வாசலில் நின்றேன். எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் செருப்பைக் கழற்றும்போதே "என்ன வருத்தமாம்?" என்று கேட்பார்கள். யாரும் கேட்டால் மாரடைப்பு என்று சொல்லும்படி மகள் எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் வந்தார், பஸ் கண்டக்டர் வந்தார், கந்தோர் முழுவதும் வந்தது. பெட்டி மூடும்வரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.