லஸ்கர் அத்தான் எரிக்காத பட்டியல்

என் அக்கா கதிங்காவின் கணவர் லஸ்கர், எங்கள் மோல்தாவியச் சிற்றூரின் மாவட்ட அலுவலகத்தில் பதினெட்டு வருடம் எழுத்தராக இருந்தவர். அச்சடித்தது போன்ற கையெழுத்து. ரொம்பப் பயந்த சுபாவம்.

1857 கோடையில் ஒரு தேர்தல் வந்தது. மோல்தாவியாவும் பக்கத்து வலாகியாவும் ஒரே நாடாக இணையலாமா என்று சொல்லப்போகும் சபைக்கான தேர்தல் அது. துருக்கி சுல்தானுக்கு இணைப்பு பிடிக்கவில்லை, ஆஸ்திரியாவுக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் தயவில் இருந்தவர்கள்தான் எங்களை ஆண்டார்கள்.

ஒரு காலையில் அதிகாரி பனாயிதே வாக்காளர் பட்டியலை அத்தானின் மேசையில் போட்டார். இருநூற்றுச் சொச்சம் பெயர்களில் நூற்று எழுபது பெயர்களுக்குப் பக்கத்தில் அதிகாரியே தன் கையால் போட்ட சிவப்பு மைக் குறி.

“குறி போட்டவனெல்லாம் இணைப்புக்காரன். அவனுங்கள விட்டுட்டுப் புதுசா எழுது. பழசக் கொளுத்திடு.”

“ஐயா, இதுல நம்ம பாதிரியார் பேரும்...”

“உனக்குக் கை இருந்தாப் போதும் லஸ்கர். வாய் எதுக்கு?”

அத்தான் புதிதாக எழுதிக் கொடுத்தார். பழையதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏன் என்று பிற்பாடு கேட்டேன். “கொளுத்தக் கை வரல மச்சான்” என்றார். பட்டியல் வந்த அன்று இரவு மக்காச்சோளக் களியில் ஒரு வாய்கூட அவருக்கு இறங்கவில்லை.

“இத வெச்சுக்கிட்டு எப்படிங்க இருக்கிறது? யாஷியில இருக்கிற இணைப்புக்காரங்ககிட்டக் குடுத்துடலாம்” என்றாள் அக்கா. “நீங்க போனா நாலு கண்ணு பின்னாடியே வரும். நான் போறேன். தம்பி வண்டி ஓட்டட்டும்.”

பட்டியலை உள்பாவாடையில் வைத்துத் தைத்துக்கொண்டாள். தலைநகர் யாஷிக்கு இரண்டு நாள் பயணம். அவள் அசையும்போதெல்லாம் காகிதம் சரசரத்தது. நகர வாசலில் காவலன் எங்கள் புளிப்புச் செர்ரிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். அக்கா இறங்கினாள்.

“என்னம்மா, சரசரங்குது?”

“கஞ்சி போட்ட பாவாடை ஐயா. உங்க வீட்டம்மாவுதயும் குடுங்க, கஞ்சி போட்டுத் தரேன்.”

மற்ற காவலர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சிவந்து, “போ, போ” என்றான். பட்டியலை இணைப்புக் குழுவிடம் சேர்த்துவிட்டோம்.

அதே நேரம் இங்கே ஊரில் அத்தானிடம் பனாயிதே கேட்டிருக்கிறார்.

“பழசக் கொளுத்தினியா?”

“கொளுத்திட்டேன் ஐயா.”

“எங்க?”

அத்தான் வாய்க்கு வந்தபடி அறைக் கணப்பைக் காட்டிவிட்டார். பனாயிதே அதன் கதவைத் திறந்தார். நடுக்கோடை, உள்ளே சிலந்தி வலைதான் இருந்தது.

நாங்கள் திரும்பியபோது வீட்டைக் கிளறிப் போட்டிருந்தார்கள், தலையணைகளைக்கூடக் கிழித்திருந்தார்கள். அத்தான் அலுவலக நிலவறையில் அடைபட்டிருந்தார். அக்கா தினமும் ரொட்டி கொண்டு போவாள். காவலன் வாங்கிக்கொள்வான், “எப்படி இருக்காரு?” என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் நாட்கள் போயின. தேர்தலன்று பாதிரியார் உட்பட ஊர்ப் பெரியவர்கள் வாக்களிக்கும் இடத்தின் வாசலில் நின்று, “உங்க பேரு இல்ல” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினார்கள்.

எங்களுடையது போல எத்தனையோ ஊர்களிலிருந்து காகிதங்கள் வெளியே போயிருந்தன. வெளிநாட்டுத் தூதர்கள் அவற்றைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். கடைசியில் சுல்தானே தேர்தலை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. செய்தி வந்த அன்றே பனாயிதே நிலவறையைத் திறந்துவிட்டார்; இப்போது பயம் அவருக்கு. அத்தானைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிவந்தோம்.

மறுதேர்தலுக்கான பட்டியலில் விட்டுப்போன எல்லாப் பெயர்களும் இருந்தன. அத்தான் பெயர் இல்லை. வாக்களிக்கும் அளவுக்கு அவருக்குச் சொத்து இல்லை. வேலையும் போயிற்று. சந்தையில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைத்தார்.

ஒன்றரை வருடம் கழித்து, இரு நாடுகளும் ஒருவரையே ஆளும் இளவரசராகத் தேர்ந்தெடுத்தன; இணைப்பு அப்படித்தான் கைகூடியது. பனியில் ஊரே கைகோத்து வட்டமாக ஆடியது. அத்தான் ஓரமாக நின்றார்.

“இனிமே யாரும் தேடி வரமாட்டாங்கல்ல, கதிங்கா?”

“வந்தா வரட்டும். முதல்ல கையக் குடுங்க” என்று அக்கா அவரை வட்டத்துக்குள் இழுத்தாள்.