ராசம்மாவின் நிற்காத கால்கள்: பதுளைக்கு ஒரு மருந்துப் பயணம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆகஸ்ட் மாதம் நான் பதுளைக்குப் போனது அருவி பார்க்க அல்ல. "தங்கச்சிக்கு வருத்தம் முத்திப்போச்சு, கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாங்க, ஒடனே வாங்க" என்று மாப்பிள்ளை செல்லமுத்து கடிதம் போட்டிருந்தார். வருத்தம் என்றால் எங்கள் பக்கம் நோய். ராசம்மா என் சித்தப்பா மகள், செல்லமுத்துவின் மனைவி. காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லி, பதுளை ஆஸ்பத்திரியில் காட்டி, ஐந்து மாதமாகத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவந்தாள். மூன்று சின்னப் பிள்ளைகள்.

பண்டாரவளையில் காலை ஏழு ஐம்பதுக்கு ரயில், பதுளை ஒன்பதரை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் பஸ் பத்தேகாலுக்கு. ஏழு மைல், ஒரு ரூபாய் பத்துச் சதம், ஒரு மணி நேரம். பள்ளத்துப் பக்கம் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், வழி நெடுக எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். இறங்கி அரை மைல் ஏறினால் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ராசம்மா அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். கை நடுக்கம், வாயோரம் எச்சில். "வாங்கண்ணே" என்றாள், நிற்காமலே. தேத்தண்ணீர் முடிவதற்குள் அவளைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. "டிஸ்பென்சர் ஐயாகிட்ட சொல்லி மாத்திரைய இன்னும் ஒண்ணு கூட்டச் சொல்லுங்களேன், மாப்பிள்ளை" என்றேன். பெரிய மேதை நான்!

"கூட்டிக்கிட்டேதாங்க இருக்காரு. காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சு வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறான்னு கணக்கப்பிள்ளை ஐயாவுக்குத் துண்டு எழுதுவாரு. ஐயா ஒண்ணு கூட்டுவாரு. கூட்டக் கூட்ட நடக்குறா."

மறுநாள் மூவரும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"உள்ளுக்குள்ள எறும்பு ஓடுதுங்க. நடந்தாத்தான் கொஞ்சம் அடங்குது. காதுல பேச்சு எப்பவோ நின்னு போச்சுங்க."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றார் செல்லமுத்து.

"நீங்க எங்க கேட்டீங்க?"

டாக்டர் பழைய மருந்துத் துண்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரி எழுதியது நாளுக்கு இரண்டு. டிஸ்பென்சர் கொடுத்த போத்தலில் எழுதியிருந்தது எட்டு. "இது வருத்தம் கூடினதில்லை. மருந்து கூடினாலும் கால் இப்பிடித்தான் நிக்காது. அதைப் பாத்துப் பாத்து இன்னும் கூட்டியிருக்கினம். கொழும்புக்கு ஒண்டும் போகத் தேவையில்லை. மெல்ல மெல்லக் குறைப்பம்."

அன்று பின்னேரமே அவர் எழுதிய கடிதத்துடன் டிஸ்பென்சரிடம் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் அவர் மேசைக்கு முன்னால் கீச்சுக் குரலாக வந்தது.

"பெரட்டு ஒழுங்கா நடக்கணுமில்ல?" என்றார், கடிதத்திலிருந்து தலை நிமிராமல்.

மருந்து நோயாளிக்கா, பெரட்டுக்கா? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண் எறும்போடு மாதக் கணக்கில் நடந்திருக்கிறாள். வரிசை கலைகிறது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் கவலை. எனக்குத் தலை சுற்றியதும் அதே ரகக் கவலைதான்.

ராசம்மா கொழும்புக்குப் போகவில்லை. ஒன்றரை மாதத்தில் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போனாள்.

இப்படி யாரையாவது அழைத்துப் போகிறவர்கள் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரி வரிசை வாசலைத் தாண்டிவிடும். பழைய துண்டு, போத்தல் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். நோயாளி பக்கத்து சீட்டில்தான் இருப்பார். ஒரு மணி நேரப் பயணம். அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.