அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டது

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி என்னைவிட நல்ல வார்த்தைகள் சொல்லக்கூடியவர்கள். எழுதும் பொறுப்பு மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் அண்ணன் புண்ணியவானாகவும் நான் பாசமான தங்கையாகவும் இருந்தோம். நாலாவது முறை உட்கார்ந்தபோது அண்ணி, "நடந்தத எழுது. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது விருதுநகர் பக்கம், மழையை நம்பிய ஒரு கரிசல் ஊரில். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஐ.டி.ஐ. முடித்த கையோடு அண்ணன் ஓசூருக்கு வந்து, வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். வேலை நிரந்தரமான மறு மாதமே அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பாகலூர் சாலையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பாதிப்பேர் கன்னடம், மீதியில் பாதி தெலுங்கு. ஒரே வருஷத்தில் எனக்குக் கன்னடம் வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவே இல்லை. கடையில் தக்காளி கேட்கும் அளவுக்குப் பேசுவார், அதற்கு மேல் போனால் சிரித்துச் சமாளிப்பார். "வீட்ல ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும் பாப்பா" என்பார். என் படிப்பும் கல்யாணமும் அவர் தோளில்தான் நடந்தன. அதன் பிறகே தனக்கென்று உத்தனப்பள்ளியில் பெண் பார்த்தார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் அவருக்கு வயிறு கெட்டது. பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இரத்தத்தோடு போகும். கம்பெனியில் லைனில் நிற்பவர் நகர வேண்டுமென்றால், அவர் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவர் வருவதற்குள் படும் பாட்டுக்குப் பயந்து, ஷிப்டு முடியும்வரை அண்ணன் பட்டினி கிடந்தார். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போனார், அவசரத்துக்கு வழியில் இறங்கலாம் அல்லவா. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். மாதுளைத் தோல் கஷாயம் முதல் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் குடித்தார். அதை அவருடைய பொறுமை என்று இன்றும் புகழ்கிறீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அது களைப்பு என்றுதான் தெரிந்தது.

கடைசியில் பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் துளையிட்டு, மலம் வந்து சேர ஒரு பை வைத்தார்கள். அடியிலுள்ள மலக்குடலை மட்டும் விட்டு வைத்தார்கள். புண் ஆறினால் பிறகு சேர்த்துவிடலாம், பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் எழுந்து நடந்தார்.

அந்தச் சமயம் ராயக்கோட்டை சாலையில் அவர் கட்டிய வீடு முடிந்திருந்தது. வெள்ளையடித்துக் கதவும் போட்டாயிற்று. பையோடு மணையில் உட்கார்ந்து ஹோமம் வளர்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "பைய எடுத்த பெறகு பால் காச்சலாம்" என்றார். எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. புது வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாடகை வீட்டிலேயே காலம் தள்ளினார்கள்.

ஆனால் விட்டு வைத்த மலக்குடல் ஆறவில்லை. பை இருந்தும் பின்பக்கம் இரத்தமும் சளியும் வந்தன. நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். மருத்துவமனையில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். தார்வாட் பக்கத்துக்காரர், கன்னடம்தான் பேசுவார், தமிழ் தெரியாது. நான் கூடப் போய்க் கேட்டுச் சொல்வேன்.

ஒரு நாள் அவர் பரிசோதித்துவிட்டு, "தெகெது பிடோதே ஒள்ளேது" என்றார். எடுத்துவிடுவதுதான் நல்லது என்று அர்த்தம். மலக்குடல் இனிச் சேர்க்கும் நிலையில் இல்லை, வைத்திருந்தால் புற்று வரலாம், எடுத்தால் பை ஆயுசுக்கும் இருக்கும் என்றார். எடுக்கும்போது நரம்பில் பட்டால் தாம்பத்தியத்தில் என்னென்ன குறை வரலாம் என்பதையும் விளக்கமாகச் சொன்னார். யோசித்து வாருங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று முடித்தார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "என்னங்கறாரு?"

"இப்போதைக்கு மருந்து போட்டுப் பாக்கலாங்கறாருண்ணே. அவசரம் இல்லையாம்" என்றேன்.

அண்ணன் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பூட்டிக் கிடந்த வீடு கண்ணில் நின்றது உண்மை. தங்கை அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசும் பேச்சு அதில் இருந்ததும் உண்மை. இன்னொன்றும் உண்டு, அதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. எனக்கு அலுத்துப் போயிருந்தது. ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு வேலைக்கு லீவு சொல்லி, நாற்கரச் சாலைப் புழுதியில் பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்து உட்கார்ந்து ஓய்ந்துவிட்டேன். இன்னொரு ஆபரேஷன் என்ற பேச்சையே அன்று என்னால் தூக்கிக்கொண்டு வீடு வர முடியவில்லை.

ஒன்றரை வருஷம் போயிற்று. நான் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்ததால், அடுத்த முறை அவரோடு லைனில் நிற்கும் நாகராஜ் துணைக்குப் போனார். பாகலூர்க்காரர், வீட்டுப் பேச்சு கன்னடம். டாக்டர், "அன்றைக்கே சொன்னேனே, இத்தனை நாள் எங்கே போனீர்கள்?" என்று திட்டியிருக்கிறார். நாகராஜ் அதை அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டரு போன வருசமே சொன்னாராமே. ஏன் பாப்பா சொல்லல?"

"வீடு பூட்டிக் கெடக்கேன்னுதாண்ணே..."

"வீடு என்னுது. வயிறும் என்னுது" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அதன் பிறகு மூன்று மாதம், ஒரே வீட்டில், என்னோடு பேசவில்லை. பிரசவச் செலவைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் ஒரு குறையும் வைக்காமல் செய்து தொட்டிலில் போட்டதும் அவர்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில்தான் அவர் முடிவெடுத்தார். ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து, "எடுத்துடறேன். பை எங்கூடவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அம்மா அழுதார். "இன்னுங் கொஞ்சம் பொறுத்துப் பாரேன்யா. சேத்துரலாம்னுதான சொன்னாக."

"சேக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அத வச்சுக்கிட்டுக் காத்திருந்தே ஓஞ்சு போயிட்டேன். இனி முடியாது."

அண்ணியைப் பார்த்தார். "நான் எப்பவோ தயார். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார் அண்ணி. நாகராஜ் சொன்னதெல்லாம் அண்ணிக்கும் தெரிந்திருந்தது.

ஆபரேஷனுக்கு முன்பே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அண்ணனே நாள் குறித்தார். வேட்டிக்குள் பையோடு மணையில் உட்காரப் போனார். அவரே ஐயரிடம் விஷயத்தைச் சொன்னார். "உக்கார முடியலன்னா நின்னுக்கிட்டே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். இதற்காகத்தான் அத்தனை காலம் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது.

பந்தி முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஆஸ்பத்திரிக்கு நீதான் வரணும். ஆனா அவரு என்ன சொல்றாரோ, கூட்டாம கொறைக்காம சொல்லு. நல்லது கெட்டத நான் பாத்துக்கறேன்."

மலக்குடலை எடுத்தார்கள். பின்பக்கக் காயம் ஆற ஏழு மாதம் ஆயிற்று. எடுத்த குடலில் புற்று தொடங்கியிருந்தது என்று அறிக்கை வந்தது. அதையும் நான்தான் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். பிறகு நாலு வருஷம் அண்ணன் நன்றாகவே இருந்தார். கம்பெனி பஸ்ஸில் போனார். ஸ்டோரில் வேலை பார்த்தார். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, தானும் சாப்பிட்டார். வழியில் இறங்க இடம் தேடாமல் சென்னைவரை போய்வந்ததைப் பெரிய யாத்திரை போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருஷம் முன்பே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் டாக்டரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களில் யாரும் என்னைக் கேட்டதில்லை, உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

போன வருஷம் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சொல்லு பாப்பா."

"கல்லீரல் பூரா பரவிடுச்சாம்ணே. இனி ஆபரேசனும் இல்ல, மருந்தும் இல்லைங்கறாரு."

"எத்தன மாசம்?"

கேட்டேன். "மூணு. நாலுக்கு மேல இல்லைங்கறாரு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"இல்லண்ணே. அவ்வளவுதான்."

அண்ணன் தலையாட்டினார். "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார். தான் பால் காய்ச்சிய வீட்டில், நாலாவது மாதம் கண்ணை மூடினார்.

முகம் சுளிக்காமல் அவர் இடத்தில் வந்து நின்ற ரிலீவர்களுக்கும், உள்ளதை உள்ளபடி சொன்ன நாகராஜுக்கும், கோபித்துக்கொண்டாலும் கைவிடாத டாக்டருக்கும், நாள் தவறாமல் பையை மாற்றிப் புண்ணைக் கழுவிய அண்ணிக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த பாகலூர், உத்தனப்பள்ளி உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒருமுறை பொய் சொன்ன வாய் என்று தெரிந்தும், தன் கடைசிச் சேதியை என் வாயால் கேட்டுக்கொள்ளவே அவர் விரும்பினார். அதன் பிறகு நாலு மாதம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க நேரம் இருந்தது, நான் கேட்கவில்லை. இத்தனை பேர் முன்னால் இப்போது கேட்கிறேன், அண்ணே.

– தங்கை