சண்முகத்தாயின் மேல்தளம்

சண்முகத்தாய் வீட்டுக் கம்பிகளைத் துருவுக்குத் தின்னக் கொடுத்தவன் நான். பழியை அவள் தலையில் கட்டியவனும் நானேதான்!

நான் கொத்தனார். எங்கள் எம். புதுப்பட்டியில் தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடக்கும் வாரங்களில்தான் எல்லாரும் மேல்தளம் போடுவார்கள். அப்போதுதான் கையில் போனஸ் இருக்கும், உடம்புக்கு ஓய்வும் இருக்கும். ஊரே ஒன்றாகக் கான்கிரீட் போட்டால் நல்ல தண்ணீர் லாரிக்கு எங்கே போவது?

சண்முகத்தாய் வீட்டுத் தளம் போட்ட அன்று லாரி வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் சட்டியோடு காத்து நின்றார்கள். அவள் வீட்டு போர்த் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த உப்பு கலவையில் சேர்ந்தால் உள்ளே இருந்துகொண்டே கம்பியை அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்... நன்றாகவே தெரியும்.

"தண்ணி கரிக்குதேண்ணே, பரவாயில்லையா?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாது தாயி, மோட்டாரைப் போடு" என்றேன்.

தளம் இறுகும்வரை அதன்மேல் தண்ணீர் நிறுத்தவேண்டும். நான் சொன்னபடியே, குடிப்பதற்குத் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை அவள் குடம் குடமாக ஏணியில் சுமந்து ஏறினாள். ஐயோ, நல்ல தண்ணீர்! அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

சில வருடங்களில் உட்கூரையில் பழுப்புக் கறை படிந்தது. பிறகு ஒரு நாள் காரை பெயர்ந்து, அவள் மகள் படுக்கும் பாயில் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் போய் அண்ணாந்து பார்த்தேன். கம்பி உப்பிப்போய்ச் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"தளத்த நனைக்கும்போது ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேண்ணே... அதனாலயா இருக்குமோ?" என்றாள் சண்முகத்தாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன்! துருவைச் சுரண்டி, மேலே சிமெண்டைப் பூசி, வெள்ளையடித்துக் கொடுத்தேன்.

போன மாதம் மறுபடி கூப்பிட்டாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"மாடியில ஒரு ரூம் எடுத்துட்டா ரெண்டு பேரும் இங்கனயே இருப்பாகள்லண்ணே."

நிமிர்ந்து பார்த்தேன். கறை திரும்ப வந்திருந்தது, முன்னைவிட அகலமாக.

"தாங்காது தாயி. இருக்கிறதையே இடிச்சுத்தான் போடணும்."

அவள் முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன்... சத்தியமாக வாயெடுத்தேன்! அதற்குள் அவள் மகள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அம்மாவ மன்னிச்சுரும்மா. அன்னைக்கு ஒரு நாள் நான் படுக்காம இருந்திருந்தா, ஒனக்கு இப்ப வீடு இருந்திருக்கும்."

கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்தத் தளத்தின் கீழேதான் இன்றும் அவர்கள் பாய் விரிப்பார்கள். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம்... இன்னும் இல்லை.